முதலை வெளியே வரவில்லை

"சொல்லு மேன், அந்தப் புள்ளைங்க உன் ரூமுக்குள்ள வந்து..."

"மேடம், ஒரு நிமிஷம், நான் சொல்றதைக்..."

"...என்னதான் சொல்லுதுங்க? அழுதுகிட்டே உள்ள போகுதுங்க, இளிச்சுகிட்டே வெளிய வருதுங்க..."

"...கேட்டீங்கன்னா புரியும். அதை நான் சொல்ல முடியாது மேடம்."

"ஏன் முடியாது? நான் யாரு? ரோட்டுல போறவளா?"

"நீங்க ஹெட்மிஸ்ட்ரஸ்."

"அப்போ?"

"அப்பவும் முடியாது மேடம்."

டோரீன் மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் போட்டாள். ஆணோ பெண்ணோ, எதிரே நிற்கிற எல்லோரும் அந்தம்மாவுக்கு 'மேன்'தான். கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். இப்போது இரண்டு காதும் பழுத்த மிளகாயாக இருந்தன. ஆனால் எதிரே நின்ற வித்யாலட்சுமிக்கு ஒன்று நன்றாகத் தெரிந்தது. அந்தச் சிவப்பில் பாதிதான் கோபம். மீதி பாதி, என்ன நடந்தது என்று தெரியாமல் தலை வெடிக்கிற ஆசை.

ஆஸ்டின் டவுனில் பஸ் திரும்புகிற முக்கில் இருந்த சின்னப் பள்ளிக்கூடம் அது. எல்.கே.ஜி.யிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை. அதுநாள்வரை அங்கே ஒரு குழந்தை அழுதால் மிஸ் ஒரு அதட்டல் போடுவாள். அதற்கும் நிற்காவிட்டால் ஆயா தனக்கோடி இடுப்பில் தூக்கிப்போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவிவிடுவாள். தீர்ந்தது. அந்த வருஷம்தான், இரண்டாயிரம் பிறந்தவுடன் கம்ப்யூட்டரெல்லாம் படுத்துவிடும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருஷம், நம் பள்ளிக்கும் ஒரு கவுன்சிலர் வேண்டும் என்று டோரீன் மேடமே கரெஸ்பாண்டென்ட் சுந்தரேசனோடு மல்லுக்கட்டி அனுமதி வாங்கினாள். அப்படி வந்து சேர்ந்தவள்தான் வித்யா. வேலூர்க்காரி. அந்தக் கம்ப்யூட்டர்கள் படுக்காமல் பார்த்துக்கொள்கிற வேலை புருஷன் ரகுராமுக்கு. அதனால் பெங்களூர்.

"இங்க பாரு வித்யா," டோரீன் மேடம் குரலைத் தணித்தாள். "கரெஸ்பாண்டென்ட் இன்னிக்குக் காலைல போன் பண்ணார். 'என்ன டோரீன், கவுன்சிலர் வர்றதுக்கு முன்னாடி ஒரு புள்ளையும் அழலை. வந்த பிற்பாடு மூணாங்கிளாஸ் பி செக்ஷனே ஒப்பாரி வைக்குதாமே' அப்படீன்னு கேக்கறார். நான் என்ன சொல்லட்டும்?"

"குழந்தைங்க மனசு விட்டுப் பேசறாங்கன்னு சொல்லுங்க."

"என்ன பேசறாங்கன்னு கேப்பாரே! ஒரே ஒரு புள்ளை சொன்னதை மட்டும் என் காதுல போடு. அதை வெச்சு நான் சமாளிச்சுக்கறேன். இல்லேன்னா நாளைக்கு சாயங்காலம் பெல் அடிச்சதும் அந்த ரூம் சாவி என் மேஜைக்கு வரணும். மறுபடியும் கிரிக்கெட் மட்டையெல்லாம் அங்கயே போட்டுடுவேன்."

"போட்டுக்குங்க மேடம்," என்று வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அந்த அறை கண்முன்னே வந்தது.

அந்த அறை முன்பு விளையாட்டுச் சாமான்கள் போடுகிற இடம். ஒட்டடை அடித்து, சுவருக்கு மஞ்சள் வண்ணம் பூசி, ரகுராமின் ஆபீசில் கழித்துக்கட்டிய சுழல்நாற்காலி ஒன்றை ஆட்டோவில் கொண்டுவந்து போட்டது அவள். கதவில் தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் பெரிதாக எழுதி ஒட்டியதும் அவள்தான்: இங்கே சொன்னது இங்கேயே இருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வித்யாவுக்குப் பிறந்தவீட்டில் பெயரே ரேடியோ. அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்த விஷயம் அப்பாவுக்குத் தெரிவதற்கு முன்னால் பால்காரருக்குத் தெரிந்துவிட்டது. அது அவள் உபயம். அப்படிப்பட்ட நாக்கை வைத்துக்கொண்டு அவள் இந்த உத்தியோகத்துக்கு வந்தாள் என்று கேள்விப்பட்டு அக்கா போனிலேயே அரைமணி நேரம் சிரித்தாள்.

அந்த நாக்குக்கு இந்த வாரம் வந்தது போன்ற சோதனை ஜென்மத்தில் வந்ததில்லை.

திங்கட்கிழமை கணக்குப் பாடம் நடக்கும்போது ரித்விக் என்கிற பையன் முதலில் அழ ஆரம்பித்தான். தாரை தாரையாகக் கண்ணீர். கணக்கு சார் வெங்கடசுப்ரமணியன் பதறிப்போய் அனுப்பிவைத்தார். பையன் உள்ளே வந்தான், கதவைச் சாத்தினான், சுழல்நாற்காலியில் ஏறி ஒரு சுற்று சுற்றினான். அறை முழுக்கத் தலைவலித் தைல வாசனை.

"என்னப்பா ரித்விக், கண்ணுக்குக் கீழ என்ன தடவியிருக்கே?"

"அதைச் சொல்லக்கூடாது மிஸ்."

"சரி, எதைச் சொல்லலாம்?"

"மிஸ், யாருக்கும் சொல்ல மாட்டீங்களே? காட் பிராமிஸ்? மதர் பிராமிஸ்?"

"பிராமிஸ்."

"எங்க வீட்டு சம்ப்ல முதலை இருக்கு மிஸ்."

வாசலில் தரைக்கடியில் கார்ப்பரேஷன் தண்ணீர் பிடித்து வைக்கிற தொட்டி, அதற்குள் முதலை. வித்யா முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு பெரிசு?"

"இவ்வளவு. காலைல எங்கப்பா பல் தேய்க்கறப்போ அதுக்கும் தேய்ச்சு விடறார்."

"அப்பாவுக்குப் பயமா இல்லையா?"

"அது வெஜிடேரியன் மிஸ். பீர்க்கங்காய்தான் சாப்பிடும்."

அடுத்து ஒரு பெண் வந்தாள், அதே தைல வாசனை, அதே காட் பிராமிஸ். அவள் அத்தை ராத்திரியில் பறப்பாளாம், ஆனால் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும்தான், அதற்கு மேல் மூச்சு வாங்குமாம். அடுத்தவனுக்கு வெங்கடசுப்ரமணியன் சார் போன ஜென்மத்தில் சொந்தத் தம்பி. இன்னொரு குட்டிப் பெண்ணுக்கு வந்த ரகசியமே பாதியில் மறந்துபோய், "இருங்க மிஸ், கேட்டுட்டு வந்துடறேன்" என்று வெளியே ஓடிப்போய், திரும்பி வந்து மீதியைச் சொன்னாள்.

கேட்டுவிட்டு வருவதா? யாரைக் கேட்டு?

வித்யா துருவவில்லை. பொய்யென்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் பொய்க்கும் சேர்த்துத்தானே பிராமிஸ் செய்திருக்கிறாள்? கதவில், நிஜம் சொன்னால் மட்டும் இங்கேயே இருக்கும் என்று எழுதவில்லையே.

மேடத்தின் அறையிலிருந்து நேரே சாப்பாட்டு வேளைக்கு ஸ்டாஃப் ரூமுக்குப் போனாள். அங்கே எல்லோரும் டப்பாவைத் திறக்காமல் இவளுக்காகக் காத்திருந்தார்கள்.

"வாங்க வித்யா மிஸ், உக்காருங்க," என்று பக்கத்தில் இடம் போட்டாள் சௌம்யா. ஒன்றாம் வகுப்பு மிஸ். மூன்று தலைமுறையாக பெங்களூர்க்காரி, தமிழையும் கன்னடத்தையும் ஒரே மூச்சில் பேசுவாள். "வெள்ளரிக்காய் கோசம்பரி தரட்டா? நிறைய கொண்டுவந்திருக்கேன். ஆமா, அந்த ரித்விக் என்னதான் சொன்னான்?"

"கோசம்பரி நல்லா இருக்கு சௌம்யா."

"பேச்சை மாத்தாதீங்க."

"எனக்குத் தெரிஞ்ச கவுன்சலிங்," என்றார் வெங்கடசுப்ரமணியன் சார், "சி.இ.டி. எழுதிட்டு இன்ஜினியரிங் சீட்டுக்குப் போய் நிக்கறது. மூணாங்கிளாஸ் பையனுக்கு என்னம்மா சீட்டு? நான் ஏழாம் வாய்ப்பாடுன்னு வாயைத் திறந்தாலே ஒண்ணு கண்ணைக் கசக்குது. எட்டாம் வாய்ப்பாட்டுக்கு நான் போனதே இல்லை."

"சார், அவங்களுக்கு உங்க மேல பாசம்தான் சார். ரொம்ப நெருங்கின பாசம்," என்று சொல்லும்போதே போன ஜென்மத்துத் தம்பி ஞாபகம் வந்து, வித்யாவுக்குக் கோசம்பரி புரையேறிவிட்டது. சௌம்யா தலையில் தட்டினாள். கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே தண்ணீர் குடித்தாள் வித்யா.

"பாருங்க, பாருங்க, சிரிக்கறாங்க! என்னமோ இருக்கு!" என்றாள் சௌம்யா. "ஒரே ஒண்ணு. எனக்கு மட்டும். என் பொண்ணே அந்தக் கிளாஸ்லதானே படிக்கறா? நாளைக்கு அவளும் அழ ஆரம்பிச்சா?"

நாக்கு நுனிக்கு முதலை வந்துவிட்டது. பீர்க்கங்காய் சாப்பிடுகிற முதலை! எவ்வளவு நல்ல முதலை! ஒரு ஸ்டாஃப் ரூமையே உருட்டிவிடும். சொன்னால் டோரீன் மேடமும் சிரிப்பாள், கரெஸ்பாண்டென்ட்டும் சிரிப்பார், அறையும் பிழைக்கும். வித்யா எழுந்துபோய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலையை முழுங்கிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"மோர் இருக்கா யார்கிட்டயாவது?" என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, கடைசிப் பீரியட். பெல் அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான். வித்யா சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். கதவு தட்டப்பட்டது.

உள்ளே வந்தவள் சௌம்யாவின் மகள் அம்ருதா. இரட்டைப் பின்னல், முழங்காலில் பிளாஸ்திரி. கண்ணீரும் இல்லை, தைலமும் இல்லை. நேரே வந்து நாற்காலியில் உட்கார்ந்து கைகட்டிக்கொண்டாள். அறை அவளுடையது, வித்யாதான் பார்க்க வந்தவள் என்பது மாதிரி.

"மிஸ், ரித்விக் உங்ககிட்ட என்ன சொன்னான்?"

"அது ரித்விக்குக்கும் எனக்கும்."

"முதலைதானே?"

வித்யா சாவியை உருட்டுவதை நிறுத்தினாள்.

"பீர்க்கங்காய்தானே?"

"அம்ருதா, நீ என்ன கேட்டாலும்..."

"தெரியும் மிஸ். நீங்க சொல்ல மாட்டீங்க. நீங்க பாஸ்!"

"நான் எதுல பாஸ்?"

"நான் வெச்ச டெஸ்ட்ல! முதலை என்னுது மிஸ். பறக்கற அத்தையும் என்னுது. எல்லாருக்கும் நான்தான் சொல்லிக்குடுத்து அனுப்பினேன். தைலமும் எங்க வீட்டுதுதான். அம்மா தினமும் வீட்டுக்கு வந்ததும், இல்லை, சௌம்யா மிஸ்..." ஸ்கூலில் அம்மாவையும் மிஸ் என்றே கூப்பிட வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் சட்டம், நாக்குக் குழறியது. "அவங்க ஸ்டாஃப் ரூம்ல யார் என்ன சொன்னாங்கன்னு ஒண்ணு விடாம அப்பாகிட்ட சொல்லுவாங்க. நான் ஹோம்வர்க் பண்ற மாதிரி கேட்டுகிட்டே இருப்பேன். நீங்க யார்கிட்டயாவது சொல்லியிருந்தா, அன்னிக்கு சாயங்காலமே முதலை எங்க வீட்டுக்கு வந்திருக்கும். நாலு நாளா வெயிட் பண்றேன். வரவே இல்லை! நேத்து அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? 'அந்த வித்யா வாயில என்னத்த வெச்சுப் பூட்டியிருக்காளோ, சிரிச்சுத் தொலைக்கறா, சொல்லித் தொலைக்க மாட்டேங்கறா' அப்படீன்னாங்க. அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

வித்யாவுக்குத் தன் காதை நம்ப முடியவில்லை. வேலூரில் ரேடியோ என்று பெயர் வாங்கியவளுக்கு, எட்டு வயதுப் பெண் பரீட்சை வைத்துப் பூட்டு என்று பட்டம் கொடுக்கிறாள்! அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஐயோ, அதுவும் சொல்லக்கூடாது.

"என்ன முடிவு பண்ணினே?"

அம்ருதா எழுந்து போய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று தள்ளிப் பார்த்தாள். திரும்பி வந்து வித்யாவின் காதைப் பிடித்து இழுத்தாள். அவ்வளவு கிட்டே வந்து, அப்புறம் சொல்ல வரவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள்.

"மிஸ், எனக்கு வயிறு வெடிச்சுடும் மிஸ்!"

"மெதுவா. மூச்சு விடு."

"எங்கம்மா வயித்துல பாப்பா இருக்கு!"

சொல்லிவிட்டு அவளே பயந்துபோய்ச் சுவரைப் பார்த்தாள். சுவர் அப்படியே நின்றது. வித்யாவும் அப்படியே நின்றாள்.

"யாருக்கும் தெரியாது மிஸ். மூணு மாசம் ஆகற வரைக்கும் வெளிய சொல்லக்கூடாதாம், கண்ணு பட்டுடுமாம். எனக்கே அவங்க சொல்லலை. சமையல்ரூம்ல அப்பாகிட்ட சொல்றப்போ கேட்டேன். அப்பா கேட்டார், அம்ருதாவுக்குச் சொல்லலாமான்னு. அதுக்கு அம்மா..." குரல் லேசாக இறங்கியது. "அம்மா சொன்னாங்க, 'வேண்டவே வேண்டாம், அவகிட்ட சொன்னா ஊரெல்லாம் தமுக்கடிச்சுடுவா'ன்னு."

"ஓ."

"நான் அடிக்கவே இல்லையே மிஸ்! எத்தனை நாளா வெச்சிருக்கேன்! ரித்விக்குக்குக்கூட முதலைதான் குடுத்தேன், பாப்பாவைக் குடுக்கலை."

"அடிக்கலைம்மா. ஒரு தட்டுகூடத் தட்டலை. நான் சாட்சி."

"ஆனா ஒருத்தருக்காவது சொல்லணும் மிஸ். ஒரே ஒருத்தருக்கு. சந்தோஷத்துக்கும் இந்த ரூமுக்கு வரலாமா? இல்லை, அழுதாத்தான் வரணுமா?"

வித்யா படித்த படிப்பில் இதற்குப் பாடம் இல்லை. வருகிற குழந்தைக்கு என்ன துக்கம் என்று கேட்கத்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"தாராளமா வரலாம்."

"அப்போ இன்னொரு தடவை சொல்லட்டுமா?"

"சொல்லு."

"எங்கம்மா வயித்துல பாப்பா இருக்கு!" இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக. "கன்னடத்துல சொல்லட்டா? நம்ம அம்மன ஹொட்டேயல்லி பாப்பு இதே! மிஸ், நான் அக்கா மிஸ்! நான் அக்கா ஆகிட்டேன்!"

"கொஞ்சம் மெதுவா அக்கா!"

'அக்கா' என்று கூப்பிட்டதுதான் தாமதம். அம்ருதா நாற்காலியில் ஏறி முட்டி போட்டுக்கொண்டாள். "சுத்துங்க மிஸ், சுத்துங்க!" வித்யா ஒரு தள்ளு தள்ளினாள். நாற்காலி கிறுகிறுவென்று சுற்றியது. ஒவ்வொரு சுற்றுக்கும் அம்ருதா ஒன்று சொன்னாள். பாப்பாவுக்குத் தலை வாரிவிடுவேன். பாப்பாவுக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பேன். பாப்பா தம்பியாக இருந்தால் ரித்விக்கோடு சேரவிட மாட்டேன். சத்தம் வெளியே போகாமலிருக்க நாற்காலியின் முதுகு மெத்தையில் முகத்தைப் புதைத்து ஒரு கத்து கத்தினாள், தலைகிறுகிறுத்துத் தரையில் விழுந்து சிரித்தாள். வித்யாவும் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உனக்குத் தெரியும்னு அம்மாகிட்ட சொல்லலாமே அம்ருதா?" என்றாள் மூச்சு வாங்க.

"ஐயோ, வேணாம் மிஸ்! அவங்க எனக்கு சர்ப்ரைஸ் குடுக்கணும்னு ஆசையா இருப்பாங்க. பாவம்."

"சரி. அப்போ மூணாங்கிளாஸ்ல அழுகை?"

"இன்னியோட ஸ்டாப். தைலமும் தீர்ந்துபோச்சு."

அப்போதுதான் கதவு திறந்தது. டோரீன் மேடம். பின்னாலேயே சௌம்யா, கையில் ஒன்றாம் வகுப்புச் சிலேட்டுகளோடு. தரையில் கிடந்த மகளையும், சுவரோரம் கால்நீட்டி உட்கார்ந்திருந்த கவுன்சிலரையும் இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அம்ருதா துள்ளி எழுந்தாள். "குட் ஈவினிங் மேடம். குட் ஈவினிங் சௌம்யா மிஸ்." சொல்லிவிட்டு இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து ஓடியே போய்விட்டாள். பெல்லும் அடித்தது.

"என்ன மேன் நடக்குது இங்க?" என்றாள் டோரீன் மேடம்.

"என் பொண்ணுக்கு என்ன?" என்றாள் சௌம்யா. முகம் வெளுத்திருந்தது. "அவளும் அழுதாளா?"

"அழலை சௌம்யா. நல்லா இருக்கா. உங்க பொண்ணு ரொம்ப நல்லா இருக்கா."

"என்ன சொன்னா?"

வித்யா எழுந்து புடவையைத் தட்டிவிட்டாள்.

"நான் அவ அம்மா வித்யா!"

"தெரியும். குழந்தைக்கு ஒரு ஆபத்துன்னா நானே உங்க வீட்டுக்கு ஓடி வந்து சொல்வேன். இது அப்படி இல்லை. ஒரு துளி கவலைப்பட வேண்டாம். ஆனா என்னன்னு சொல்ல மாட்டேன்."

"பெத்தவளுக்கே சொல்ல மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"போச்சு," என்றாள் டோரீன் மேடம். அவள் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "நான் கேட்டேன், இல்லேன்னே. இப்போ தாய் கேக்கறா, அவளுக்கும் இல்லேங்கறே. திங்கக்கிழமை கரெஸ்பாண்டென்ட் வந்தா நான் எதைச் சொல்லிக் காப்பாத்தட்டும் உன்னை? குடு சாவியை."

"அழுகை நின்னுடும் மேடம். திங்கக்கிழமையிலிருந்து ஒருத்தரும் அழ மாட்டாங்க."

"எப்படித் தெரியும்?"

"அதையும் சொல்ல முடியாது."

வித்யா சாவியை நீட்டினாள். மஞ்சள் சுவரைப் பார்க்காமல் டோரீன் மேடத்தின் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாவி கைமாறியது.

சௌம்யா மட்டும் நகரவில்லை. வித்யாவை மேலும் கீழும் பார்த்தாள். ஏதோ பெரிய கணக்குப் போடுகிறவள் மாதிரி உதடு அசைந்தது.

"எனக்கே சொல்ல மாட்டேங்கறீங்க," என்றாள் மெல்ல.

"மன்னிச்சுக்குங்க சௌம்யா."

"இல்லை இல்லை, எனக்கே சொல்லலைன்னா..." சட்டென்று சிலேட்டுகளையெல்லாம் டோரீன் மேடத்தின் கையில் அடுக்கினாள். மேடத்தின் விரலிலிருந்து சாவியை உருவிக்கொண்டாள். "மேடம், ஒரே ஒரு பத்து நிமிஷம். ப்ளீஸ். ஸ்வல்ப வெளிய இருங்க."

"சௌம்யா! என்ன இது? ஏய்..."

கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழும் விழுந்தது. சௌம்யா சுழல்நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். முகமெல்லாம் ரத்தம் பாய்ந்திருந்தது, சிரிப்பு வாயோரத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

"வித்யா, ஒருத்தருக்காவது சொல்லலைன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும். ஸ்டாஃப் ரூம்ல ஒரு ஈ காக்காவுக்குத் தெரியக்கூடாது. மேடத்துக்குத் தெரியக்கூடாது, இப்பவே லீவுக்கு ஆள் தேட ஆரம்பிச்சுடுவாங்க. எல்லாத்துக்கும் மேல..." குரலை இன்னும் தாழ்த்தினாள். "முக்கியமா அம்ருதாவுக்குத் தெரியவே கூடாது."

வித்யா முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள். முதலைக்குத் தாங்கின கல், பறக்கிற அத்தைக்குத் தாங்கின கல், இதற்குத் தாங்கவில்லை. முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது.

"ஏன் சிரிக்கறீங்க? இன்னும் நான் சொல்லவே இல்லையே!" என்று கேட்ட சௌம்யாவுக்கும் அந்தச் சிரிப்பு தொற்றிக்கொண்டது. "சிரிக்காதீங்க வித்யா, எனக்கும் வருது... ஐயோ, கேளுங்களேன்..." சொல்ல வந்தது பாதி வார்த்தையும் பாதி சிரிப்புமாக உடைந்து உடைந்து வந்தது. வித்யா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அப்போதுதான் முதல்முதலாகக் கேட்கிறவள் மாதிரி கண்ணை அகல விரித்தாள். அதைப் பார்த்துச் சௌம்யாவுக்கு இன்னும் சிரிப்பு. நாற்காலி தானாகவே ஒரு பக்கம் திரும்பியது.

கதவுக்கு வெளியே சிலேட்டுகள் சரிந்து விழுகிற சத்தம் கேட்டது. பிறகு உள்ளங்கையால் கதவைத் தட்டுகிற சத்தம்.

"ஏய், சௌம்யா! வித்யா! என்ன மேன் இது, ஹெட்மிஸ்ட்ரஸை வாசல்ல நிக்க வெச்சு? சரி, சாவியை நீங்களே வெச்சுக்குங்க, ரூமை வெச்சுக்குங்க, கரெஸ்பாண்டென்ட்டை நான் பாத்துக்கறேன், என்னன்னு மட்டும் சொல்லுங்க!"